நல்ல கிழங்கை விதைக்கு விடுங்கள்



காரட் விதையை எல்லாரும் கடையில் வாங்குகிறோம். அது எந்தச் செடியில் காய்க்கிறது என்று கேட்டால் நம்மில் அநேகர் விழிப்போம். உதகையில் குடியிருக்கப் போகும்வரை நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

காரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், வெங்காயம் ஆகியவை இருபருவப் பயிர்கள். முதல் பருவத்தில் கிழங்கிலோ இலையிலோ உணவைச் சேர்த்து வைக்கும். ஒரு குளிர்காலத்தைக் கடந்த பின்புதான் பூக்கும். இரண்டு வருடப் பயிர் என்று புத்தகங்கள் சொன்னாலும், கணக்கு வருடத்தில் இல்லை, குளிரில்தான் இருக்கிறது. காரட்டுக்குச் சுமார் 10 டிகிரிக்குக் குறைந்த குளிர் சில வாரங்கள் வேண்டும். ஆகையால் மதுரையிலும் திருநெல்வேலியிலும் ஊட்டி காரட்டைப் பயிரிட்டாலும் பெரும்பாலும் பூவைக் காண முடியாது. 1820களில் கலெக்டர் ஜான் சல்லிவன் இங்கிலீஷ் காய்கறிகளை நீலகிரிக்குக் கொண்டுவந்தபோது, அவற்றுக்கு வேண்டிய குளிர் அங்கே ஆயத்தமாயிருந்தது.

வீட்டுக்குப் பின்னால் சிறு பாத்தி போட்டோம். ஆகஸ்டில் விதைத்தோம். டிசம்பரில் நேரான, பருத்த கிழங்குகளையெல்லாம் பிடுங்கிச் சமையலுக்கும் விருந்தாளிகளுக்கும் கொடுத்துவிட்டு, கோணலும் மெலிந்ததுமாக மிஞ்சியதை விதைக்கென்று விட்டோம். அவசரப்பட்டுப் பூத்ததையும் சந்தோஷமாய்ச் சேர்த்துக்கொண்டோம். மூன்றாம் தடவை விதைத்தபோது, பாதிச் செடிகள் கிழங்கு பருக்கும் முன்னே தண்டு விட்டுப் பூத்துவிட்டன. நடுவேர் கட்டையாகி, வேகவைத்தாலும் மெல்ல முடியவில்லை. அந்த வருடம் எங்கள் வீட்டில் காரட்டே இல்லை.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்து பார்த்தார். “நல்லதைச் சாப்பிட்டுட்டு நோஞ்சானை விதைக்கு விட்டா, நோஞ்சான்தானே ஐயா வரும்?” என்றார். எங்களுக்கு வெட்கமாய்ப் போயிற்று.

அதன்பின் முறையை மாற்றினோம். எல்லாக் கிழங்குகளையும் பிடுங்கிப் பரப்பி, உள்ளதில் சிறந்ததை விதைக்கு ஒதுக்கினோம். தழையை 2 அங்குலம் விட்டு வெட்டவேண்டும். அடிநுனியையும் கொஞ்சம் நறுக்கினால் உள்ளே நிறம் எப்படி, நடுத்தண்டு பெரிதா என்று பார்க்கலாம். அந்தத் துண்டை வாயில் போட்டு ருசியும் பார்க்கலாம். என் மனைவிக்கு இந்தப் பரீட்சையில் மிகுந்த உற்சாகம். தேறினதைக் கழுத்துவரை மண்ணில் திரும்ப நட்டோம். முந்திப் பூத்ததைத் தயவு பார்க்காமல் பிடுங்கினோம்.

ஒன்றிரண்டு கிழங்கு போதாது. காரட் அயல் மகரந்தம் கொள்ளும் செடி. சில செடிகளிலிருந்தே விதை எடுத்துவந்தால் தலைமுறைக்குத் தலைமுறை பலவீனமாகும். நாங்கள் 40 கிழங்குகள் வைத்தோம். தேனீக்கள் தூரத்திலிருந்தும் மகரந்தம் கொண்டுவருமாதலால், பக்கத்தில் வேறு ரகம் பூக்கக் கூடாது. முட்டைக்கோசுக்கு இன்னும் ஜாக்கிரதை வேண்டும்: காலிபிளவரும் நூக்கோலும் அதே இனம், எளிதில் கலந்துவிடும். கடையில் வாங்கியது கலப்பின வீரிய விதையானால் இந்தப் பிரயாசமே வேண்டாம். அதன் பிள்ளைகள் தாயைப்போல் இரா.

மார்ச்சில் தண்டு எழும்பிற்று. உச்சியிலிருக்கும் முதல் பூங்கொத்தின் விதைதான் திரட்சியானது. அது பழுப்பாகும் சமயத்தில் தென்மேற்கு மழை குறுக்கிடும். கொத்துகளை வெட்டி, காகிதப் பையில் தலைகீழாக அடுப்பங்கரையில் தொங்கவிட்டோம். பின்பு உள்ளங்கையில் தேய்த்து, முறத்தில் புடைத்து, நன்றாய்க் காய்ந்த பின் மூடிபோட்ட பாட்டிலில் வைத்தோம். காரட் விதை சுமார் 3 வருடம் தாங்கும். வெங்காய விதையோ ஒரு வருடத்துக்குமேல் நம்பத்தக்கதல்ல. அதை அடுத்த பருவத்திலேயே விதைத்துவிடுங்கள்.

விதைக்குமுன் ஈரத்துணியில் 20 விதைகளை மடித்து வைத்தோம். ஒரு வாரம் ஒன்றும் அசையவில்லை. பத்தாம் நாள் மனைவி துணியை விரித்து எண்ணினாள், பதினான்கு முளைத்திருந்தன. ஒரு பொட்டலம் பக்கத்துப் பெரியவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் முதலில் கேட்டது, “எந்தக் கிழங்குல எடுத்தீங்க ஐயா?” என்பதுதான்.