ஆய்வுக்குச் சுன்னாகம் வாருங்கள்

போக்குவரத்துப் பொருளியல் படிக்க விரும்பும் பிள்ளைகளோடு இன்று கொஞ்சம் பேச ஆசைப்படுகிறேன். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் போக்குவரத்து முகாமைத்துவத்துக்கெனத் தனித் துறையே உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிப்பவர்களும் இந்தப் பக்கம் வரலாம். பாடத்தை எங்கே படித்தாலும் சரி, ஆய்வை யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் செய்யுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

ஏன் சுன்னாகம்? காங்கேசன்துறை வீதியில் பெரிய சந்தை இருக்கிறது. பக்கத்தில் ரயில் நிலையம். காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரை 1902இல் ரயில் ஓடத் தொடங்கியது. 1905இல் பாதை குருநாகலோடு இணைந்தது. யாழ்ப்பாணத்து வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் தெற்குச் சந்தை கிட்டியது. தோட்டத்திலிருந்து சந்தைக்கு மாட்டுவண்டி, பிறகு தட்டிவான், லொறி. 1990இல் போரால் ரயில் நின்றது. மீண்டும் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரையும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரையும் வந்தது. யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதியும் அப்படித்தான்: 2002இல் திறந்தார்கள், 2006 ஓகஸ்டில் மூடினார்கள், 2009இல் மறுபடி திறந்தார்கள்.

அந்தப் பூட்டலிலும் திறப்பிலும் சனம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். ஆனால் அதைக் கணக்கில் எழுதியவர்கள் குறைவு. அதுதான் என் மனத்தாங்கல்.

டேவ் டொனால்ட்சன் என்ற பொருளியலாளர், ஆங்கிலேயர் காலத்து இந்தியாவில் ரயில் என்ன செய்தது என்று ஆராய்ந்தார். கட்டுரை 2018இல் வெளிவந்தது. அவர் கையில் எடுத்தது உப்பு விலை. குறிப்பிட்ட வகை உப்பு குறிப்பிட்ட இடத்தில்தான் விளையும். ஆகவே விளைந்த இடத்து விலைக்கும் தூரத்து ஊர் விலைக்கும் உள்ள வித்தியாசம், அதைக் கொண்டுவந்த செலவைக் காட்டிக்கொடுக்கும். ரயில் எட்டிய மாவட்டங்களில் விவசாய வருமானம் சுமார் 16 வீதம் உயர்ந்ததென அவர் கண்டார்.

உப்புக்குப் பதிலாக எங்களுக்கு மண்ணெண்ணெய் இருக்கிறது. யாழ் குடாநாட்டில் அது ஒரு துளியும் உற்பத்தியாவதில்லை. கொழும்பு விலையையும் சுன்னாகத்து விலையையும் மாதம் மாதமாகப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: போரின்போது இருந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் விலையை ஏற்றியது தூரம் மட்டுமல்ல, அனுமதித்த அளவும்தான். இரண்டையும் பிரித்துக் காட்டுவதுதான் ஆய்வாளரின் உண்மையான வேலை. வெங்காயம், வாழைக்குலைக்குக் கணக்கு எதிர்ப்பக்கம் ஓடும். பாதை பூட்டினால் இங்கே விலை விழும், நட்டம் தோட்டக்காரருக்கு.

பயணச் செலவு என்றால் டிக்கெட் காசு மட்டுமல்ல என்று பாடநூல் சொல்லும். காத்திருப்பு, நேரம், அசௌகரியம், ஆபத்து எல்லாம் சேரும். 1990களின் முற்பகுதியில், தரைப்பாதை பூட்டியிருந்தபோது, கிளாலிக் கடல்நீரேரியை இரவில் வள்ளத்தில் கடந்தவர்களின் பயணத்துக்கு என்ன விலை போடுவது? அந்தக் கேள்விக்கு நியாயமான பதில் சொல்லக்கூடியவர் அந்த வழியால் போனவர்களிடம் இருந்து கேட்டு எழுதும் ஒரு மாணவராகத்தான் இருக்க முடியும்.

இன்றைய பஸ்ஸுக்கும் ஆய்வு வேண்டும். ஆள் கூடினால் பஸ்ஸும் கூடும், அதனால் எல்லோருடைய காத்திருப்பும் குறையும் என்று 1972இல் ஹேர்பேட் மோரிங் என்ற பொருளியலாளர் காட்டினார். வீட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வந்தால் இது தலைகீழாகும். ஏழாலையிலிருந்து கடகத்தோடு சந்தைக்கு வரும் அம்மாவின் காத்திருப்பு எவ்வளவு கூடியது? தரிப்பிடத்தில் ஒரு கொப்பியோடு நின்றாலே அளந்துவிடலாம்.

பழைய கணக்குக்கு அவசரம் இருக்கிறது. சந்தை வியாபாரிகளினதும் லொறிக்காரரினதும் பற்றுவரவுக் கொப்பிகள் இன்னும் சில வீடுகளில் கிடக்கின்றன; பல இடப்பெயர்வில் தொலைந்துவிட்டன. பரீட்சை முடிந்த விடுமுறையில், ஆசிரியரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு, அந்த வீடுகளுக்கு முதலில் போங்கள். கொப்பியைக் கேட்டு வாங்காதீர்கள். அங்கேயே இருந்து படம் எடுத்துக்கொண்டு, எழுதியவரிடம் ஒவ்வொரு வரியும் என்னவென்று கேளுங்கள்.