வேகத்தை முடிவு செய்வது யார்?



மாணிக்கவாசகரின் வாழ்க்கையைத் திருப்பிய திருப்பெருந்துறை என்று போற்றப்படும் ஆவுடையார்கோவிலில் நின்று, இன்று பட்டம் பெறும் மாணவ மாணவியரான உங்களை வாழ்த்துவது எனக்குப் பெருமை. பட்டமளிப்பு மேடையில் உயர்கல்வி, போட்டித் தேர்வு, வேலைவாய்ப்பு பற்றிப் பேசுவதே வழக்கம். அவை எல்லாவற்றுக்கும் நீங்கள் உயிரோடும் உடல்நலத்தோடும் இருக்க வேண்டும் என்பதால், நான் சாலையைப் பற்றிப் பேசுகிறேன். 2022-ஆம் ஆண்டு இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இருவர் 18 முதல் 45 வயதுக்கு உட்பட்டவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். நாளொன்றுக்கு 49 பேர். 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் உயிரை மிக அதிகமாகப் பறிப்பது சாலை விபத்துதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த வயதில் உங்களை அச்சுறுத்துவது புற்றுநோயோ மாரடைப்போ அல்ல. வீட்டு வாசலில் நிற்கும் வண்டி. ஆனால் நோயைப் போல இந்த ஆபத்து தானாக வருவதில்லை. விபத்து ஒரு நொடியில் நடந்து முடிந்தாலும், அதற்கான முடிவு பெரும்பாலும் முன்னதாகவே எடுக்கப்பட்டுவிடுகிறது. அந்த முடிவை எடுப்பவர் ஓட்டுபவர். நான் இன்று சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

இதற்கு இயற்பியலே சாட்சி. அறந்தாங்கியிலிருந்து மீமிசல் போகும் சாலையில் இரண்டு பேர் ஒரே மாதிரி வண்டியில் வருவதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறார், இன்னொருவர் 80-இல். ஒரே இடத்தில், ஒரே தொலைவில், ஒரு குழந்தை குறுக்கே ஓடிவருகிறது. கண் பார்த்து, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடியாவது ஆகும். அந்த ஒரு நொடியில் முதலாமவர் 17 மீட்டரும் இரண்டாமவர் 22 மீட்டரும் கடந்துவிடுவார்கள். பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கத் தேவைப்படும் தூரமோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். உலர்ந்த தார்ச்சாலையில் நல்ல பிரேக் இருந்தால் முதலாமவர் சுமார் 37 மீட்டரில் நின்றுவிடுவார். அதே 37-ஆவது மீட்டரில் இரண்டாமவரின் வண்டி இன்னும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். ஒருவர் குழந்தைக்கு முன்னால் நிற்கிறார். மற்றவர் அந்த வேகத்தில் மோதுகிறார். இருவருக்கும் ஒரே திறமை, ஒரே பதற்றம், ஒரே பிரேக். வேறுபாடு 20 கிலோமீட்டர் மட்டுமே. அந்த 20-ஐ இரண்டாமவர் எப்போதோ தேர்ந்தெடுத்துவிட்டார். குழந்தை கண்ணில் பட்டபோது தேர்ந்தெடுக்க எதுவும் மிச்சமில்லை.

‘எனக்கு நன்றாக வண்டி ஓட்டத் தெரியும்’ என்பது இளைஞர்கள் பலரும் சொல்லும் முதல் மறுப்பு. திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எந்தத் திறமையும் அந்த ஒரு நொடியை இல்லாமல் ஆக்காது. தேய்ந்த டயருக்கும் மழையில் நனைந்த சாலைக்கும் பிடிப்பைத் தராது. 2023-இல் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வீலிங் செய்து விழுந்த ஒரு யூடியூபருக்கு ஓட்டுநர் உரிமம் பத்து ஆண்டுகளுக்கு ரத்தானது. லட்சக்கணக்கான இளைஞர்கள் திறமையில் முன்மாதிரியாகப் பார்த்தவர் அவர். காலியான சாலையில் முறுக்குவதற்குத் துணிச்சல் போதும். பின்னால் வருபவன் ஹாரன் அடித்தாலும், நண்பன் ‘முறுக்குடா’ என்றாலும், கையைக் கட்டுக்குள் வைத்திருப்பதற்குத்தான் பக்குவம் வேண்டும்.

‘என் உயிர், என் விருப்பம்; ஹெல்மெட் போடுவதும் போடாததும் என் பாடு’ என்பது அடுத்த மறுப்பு. தனிமனித உரிமையை மதிக்கும் எவரும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். சாலை எவருடைய தனிச்சொத்தும் அல்ல என்பதே என் பதில். நம் மாவட்டத்தில் திருமயம் அருகே நமணசமுத்திரத்தில் 2023 டிசம்பர் 30 அன்று சிமெண்ட் ஏற்றிவந்த லாரி ஒன்று சாலையோரத் தேநீர்க் கடைக்குள் புகுந்ததில் ஐந்து பக்தர்கள் உயிரிழந்தார்கள். தேநீர் குடிக்க இறங்கியவர்கள் எந்த ஆபத்தையும் தேடிப் போகவில்லை. ஹெல்மெட் போடாத முடிவும் ஒருவரோடு நிற்பதில்லை. 2022-இல் ஹெல்மெட் இல்லாமல் இறந்த 50,029 பேரில் 14,000-க்கும் மேற்பட்டோர் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள். அவர்களுடைய பாடு யாருடைய விருப்பம்? ஹெல்மெட் அணிந்தால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 42 சதவீதமும் தலைக்காயம் ஏறத்தாழ 69 சதவீதமும் குறைவதாகப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். ‘பக்கத்துக் கடைக்குத்தானே’ என்பதும் ‘வெயில் கொளுத்துகிறதே’ என்பதும் உண்மையான சங்கடங்கள். ஆனால் தலை தரையில் மோதும்போது, வீடு எவ்வளவு பக்கம் என்பது கணக்கில் வராது. தலைக்காயத்தோடு படுக்கையில் கிடக்கும் மகனுக்குச் சோறு ஊட்டுவது அவன் விருப்பம் அல்ல. அவன் தாயின் வாழ்நாள்.

மூன்றாவது மறுப்பில் நியாயம் அதிகம். சாலை குண்டும் குழியுமாக இருக்கிறது, வளைவை மறைத்துக்கொண்டு சீமைக்கருவேலம் வளர்கிறது, ஆடு மாடு குறுக்கே வருகிறது, அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காய்கிறது, தெருவிளக்கு எரிவதில்லை. இவற்றைச் சரிசெய்யும் கடமை அரசுக்கு உண்டு. கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அதனால்தான் 2014-இல் நீதிமன்றமே சாலைப் பாதுகாப்புக் குழுவை அமைத்து மாநில அரசுகளைக் கேள்வி கேட்டது. நீங்களும் கேளுங்கள். ஆனால் சாலை மோசம் என்று அறிந்தவர் மெதுவாகப் போக வேண்டும். அந்த அறிவு வேகத்துக்குச் சாக்காக முடியாது. சேக்கிழார் பாடிய மனுநீதிச் சோழன் வரலாறு ஓர் இளம் ஓட்டுநரைப் பற்றியதும்கூட. திருவாரூர் வீதியில் இளவரசன் செலுத்திய தேரின் சக்கரத்தில் ஒரு பசுங்கன்று தானாகவே துள்ளி வந்து விழுந்தது. பிராயச்சித்தம் செய்தால் போதும் என்றார்கள் அமைச்சர்கள். மன்னன் ஏற்கவில்லை. அவன் விதித்த தண்டனை இன்று நமக்கு வேண்டாம். ஆனால் கன்றின் மேல் பழியைப் போட்டுவிட்டு நகர மறுத்த அந்த நெஞ்சம் நமக்கு வேண்டும். தேரில் இருப்பவனுக்கே பலம் அதிகம். ஆகவே பொறுப்பும் அவனுக்கே அதிகம்.

பெற்றோருக்கும் இதில் பங்கு உண்டு. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிச் சட்டத்தை மீறினால், பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு என்கிறது 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமமும் கிடைக்காது. சட்டத்துக்கு அஞ்சியாவது பிள்ளை கையில் சாவியைக் கொடுக்காதீர்கள். அதே சட்டம், அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுபவரை வழக்கிலிருந்து காக்கிறது. தமிழ்நாட்டில் 2021 முதல் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே செலவு செய்கிறது. ஆகவே யாராவது விழுந்து கிடந்தால் வேடிக்கை பார்க்காமல், படம் பிடிக்காமல், 108-ஐ அழையுங்கள்.

அன்பு மாணவ மாணவியரே, உங்களிடம் நான் கேட்பது துறவு அல்ல. வண்டி உங்களுக்கு வேலையைத் தரும், உலகத்தைத் தரும், ஓட்டுங்கள். கிளம்பும் முன் ஹெல்மெட்டின் வாரை மாட்டுங்கள். பின்னால் ஏறுபவருக்கும் ஒன்று கொடுங்கள். குடித்திருந்தால் சாவியை ஒப்படைத்துவிடுங்கள்; குடித்தவர் ஓட்டும் வண்டியில் ஏறாதீர்கள். செல்போன் பைக்குள் இருக்கட்டும். பத்து நிமிடம் முன்னதாகப் புறப்படுங்கள். இவற்றில் எதற்கும் பணமோ சிபாரிசோ தேவையில்லை. உங்கள் முடிவு ஒன்றே போதும். அந்த முடிவை இன்று வீடு திரும்பும் பயணத்திலேயே எடுத்துக் காட்டுங்கள். நீங்கள் நீண்ட காலம் வாழ்ந்து, இந்த மண்ணுக்குப் பெருமை சேர்க்க வாழ்த்துகிறேன்.