விளையாட்டுக் கழகங்களும் நம் பெண்மக்களும்

பிழைப்பை நாடி வெளி மாநிலங்களிற் குடியேறிய தமிழர் முதலில் தேடுவது வாடகை வீடு. அடுத்துத் தேடுவது தமிழ் பேசும் நாலு பேரை. அந்த நாலு பேர் கூடுமிடத்தில் நாளடைவில் ஒரு சங்கம் தோன்றுகிறது. சங்கத்தின் பின்கட்டில் ஒரு கேரம் பலகையும் முற்றத்தில் ஒரு பூப்பந்து வலையும் வந்து சேர்கின்றன. மாலைதோறும் ஆடவர் அங்கே கூடி ஆடுகின்றனர். மகளிரோ பொங்கல் விழாவன்று கோலமிட வருவதோடு சரி. இந்நிலை மாற ஆடவர் செய்யத்தக்கது யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

மொழிபெயர்ப்பு என் தொழில். சங்கங்களின் விதிமுறைகளும் சிலபோது என் கைக்கு வருவதுண்டு. 'உறுப்பினர்', 'தலைவர்', 'செயலாளர்' என்னும் தமிழ்ச் சொற்கள் இருபாலார்க்கும் பொதுவானவை. விதி பெண்களை விலக்கவில்லை, வழக்கமே விலக்குகிறது. ஆட்ட நேரத்தைக் குறிப்பவர் ஆடவர். சாவியை வைத்திருப்பவர் ஆடவர். ஆதலால் வழக்கத்தை மாற்றும் பொறுப்பின் பெரும்பங்கும் அவர்களையே சாரும்.

இவ்வாறு மாற்றியவர்கள் நம்மிடையே உண்டு. மிதாலி ராஜ் 1982-இல் இராசத்தானத்து ஜோத்பூரில் ஒரு தமிழ்க் குடும்பத்திற் பிறந்து, செகந்தராபாத்தில் வளர்ந்தவர். தந்தையார் துரைராஜ் விமானப் படையிற் பணியாற்றியவர். மகனைக் கிரிக்கெட் பயிற்சிக்கு அழைத்துச் சென்ற அவர், பரதநாட்டியம் பயின்றுவந்த மகளையும் உடன் அழைத்துச் சென்றார். அங்கே பயிற்சியாளராயிருந்த ஜோதி பிரசாத் அச்சிறுமியின் திறனைக் கண்டு, சம்பத் குமார் என்னும் பயிற்சியாளரிடம் அனுப்பச் சொன்னார். 1999-இல் தாம் ஆடிய முதல் அனைத்துநாட்டு ஒருநாள் ஆட்டத்திலேயே மிதாலி ஆட்டமிழக்காமல் 114 ஓட்டங்கள் எடுத்தார். அவ்வகை ஆட்டங்களில் மொத்தம் 7,805 ஓட்டங்கள் குவித்து 2022-இல் ஓய்வு பெற்றார். 'இது பையன்களுக்கான இடம்' என்று அன்று யாரேனும் வாயிலில் நிறுத்தியிருப்பின், அத்திறமை எங்கே போயிருக்கும்?

ஆந்திரத்தின் வடகோடியிலுள்ள சீகாகுளம் மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்த கர்ணம் மல்லேசுவரியும், அவருடைய சகோதரிமாரும் நீலம்செட்டி அப்பண்ணா என்னும் பயிற்சியாளரிடம் எடை தூக்கக் கற்றனர். பெண்கள் செய்யக்கூடாதது என்று பலர் கருதிய அத்துறையில், 2000-ஆம் ஆண்டு சிட்னி நகரில் மல்லேசுவரி மொத்தம் 240 கிலோ தூக்கி, ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணியானார்.

துணை நிற்றல் என்பது கற்றுக்கொடுத்தலோடு முடிவதன்று. 2023 ஜனவரியில் மல்யுத்த வீராங்கனையர், வீராங்கனையர் சிலர் பாலியல் துன்பத்திற்கு ஆளானதாக முறையிட்டு டில்லியில் அறப்போரில் அமர்ந்தனர். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற வீரரான பஜ்ரங் பூனியா அவர்களோடு சென்று அமர்ந்தார். ஒரு சிறுமி அஞ்சி அஞ்சி ஒரு குறையைச் சொல்லும்போது, 'பெரிதுபடுத்தாதே' என்று அவளை அடக்காமல் காதுகொடுத்துக் கேட்பதே கழகத்தின் முதற் கடமை.

இனி நம் சங்கங்களுக்கு வருவோம். பெண்கள் இருட்டுமுன் வீடு திரும்ப விரும்பின், மாலையின் முதல் ஒருமணி நேரத்தை அவர்களுக்கு ஒதுக்குக. வாரத்தில் ஒரு நாள் என்று ஒதுக்கி, அதையும் போட்டி வந்தால் பிடுங்கிக்கொள்ளலாகாது. தாழ்ப்பாள் உள்ள கழிப்பறையும், உடை மாற்ற ஓர் அறையும், வழியில் விளக்கும் வேண்டும். ஆடுகளத்தில் இழிசொல் புழங்கினால், அதைத் தடுப்பவர் ஆடவராகவே இருத்தல் நன்று. எல்லாவற்றினும் மேலாக, தாய்மார் விளையாடும் வேளையில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் அடுப்பை மூட்டவும் தந்தையர் முன்வர வேண்டும். வீட்டில் ஓய்வு கிடையாதவர்க்குக் கழகத்திற் கதவு திறந்திருந்தும் பயனில்லை.

என் ஊர் புத்தூர். முன்னர்ச் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. எலும்பு முறிவுக்குப் புத்தூர்க் கட்டு எத்தகையது என்பதைத் தமிழர்க்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. கட்டு எலும்பை வளர்ப்பதில்லை. எலும்பு தானே கூடுகிறது. அது கூடும் வரை அசையாமல் தாங்குவதே கட்டின் வேலை. கூடியபின் கட்டை அவிழ்த்துவிட வேண்டும். ஆடவர் உதவியும் அத்தகையதே. பெண்கள் தாமே குழு அமைத்து, தாமே செயலாளராகிச் சாவியைக் கேட்கும் நாளில் மனமுவந்து கொடுத்துவிட வேண்டும். அந்த நாளிலும் 'நாங்கள்தானே வளர்த்தோம்' என்று மேடையேறிப் பேசுவது உதவியன்று.

கடப்பை மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்ரீ சரணி, 2025 நவம்பரில் மகளிர் உலகக் கிண்ணத்தை வென்ற இந்திய அணியில் ஆடினார். கடப்பை எங்கள் பக்கத்து மாவட்டம். நீங்கள் வாழும் தெருவிலும் அத்தகைய சிறுமி ஒருத்தி இருக்கலாம். நாளை மாலை சங்கத்திற்குப் புறப்படும்போது, மகனை அழைக்கும் அதே குரலில் மகளையும் அழையுங்கள்.