காதில் விழாத ஓசையும் கண்ணில் படாத பேயும்
(கோட்டைக்குப்பம் கூட்டத்தில் பேசியது)



எனக்கு முன் பேசிய தோழர், காணாத ஒன்றை நம்பக் கூடாது என்றார். உடனே ஒரு பெரியவர், "அப்படியானால் காற்று எங்கே?" என்று கேட்டார். நல்ல கேள்வி.

இந்த ஏரிக்குக் கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1971 முதல் ராக்கெட் விடுகிறார்கள். (அன்றைக்கு உங்களைக் கடலுக்குப் போகாதே என்று தடுக்கும் சங்கதியை வேறொரு நாள் பேசிக்கொள்ளலாம்.) முதலில் நெருப்புத் தெரிகிறது; சுமார் ஒன்றரை நிமிஷம் கழித்தே ஓசை வருகிறது. அந்த ஓசையில் காதுக்கு எட்டாத பாகமும் உண்டு. வினாடிக்கு 20 தடவைக்குக் குறைவாகக் காற்று அதிர்ந்தால் நம் காது அதைச் சாதாரணமாய்ப் பிடிப்பதில்லை. மிகப் பலமாயிருந்தால் காதடைப்பதும் நெஞ்சு அதிர்வதும் உண்டு. யானைகள் இத்தகைய ஓசையால்தான் தூரத்திலுள்ள தம் இனத்தோடு பேசிக்கொள்கின்றன.

இங்கிலாந்தில் விக் டாண்டி என்ற இன்ஜினீயர், இரவில் தனியே வேலை செய்துகொண்டிருக்கையில் உடம்பு வியர்த்து, மயிர் சிலிர்த்து, கடைக்கண்ணில் சாம்பல் நிறமாய் ஓர் உருவத்தைக் கண்டார். மறுநாள் பட்டறை வைஸில் மாட்டிய அவருடைய விளையாட்டுக் கத்தி தானே ஆடிற்று. நம்மவராயிருந்தால் அன்றைக்கே வேப்பிலை வந்திருக்கும். அவரோ கணக்குப் போட்டார். புதிதாய் வைத்த காற்றாடி ஒன்று வினாடிக்குச் சுமார் 19 தடவை அந்த அறைக் காற்றை ஆட்டுவது தெரிந்தது. காற்றாடியைச் சரிசெய்ததும் தொல்லை ஒழிந்தது. இதை 1998இல் எழுதி வெளியிட்டார்.

இதோடு நிறுத்தினால் நானும் ஒரு பூசாரிதான். அந்த 19 எல்லா இடத்திலும் பேய் காட்டும் என்று பின்னால் யாராலும் உறுதிப்படுத்த முடியவில்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்து சர்வகலாசாலையார் 2014இல் வெளியிட்ட சோதனையைக் கேளுங்கள். 54 பேரில் ஒரு சாராருக்கு, காற்றாலையின் கேளா ஓசையால் நோய் வருமென்று படம் காட்டினார்கள். மற்றவருக்கு, ஒன்றும் வராதென்று காட்டினார்கள். பிறகு எல்லோருக்கும் 10 நிமிஷம் அந்த ஓசை. 10 நிமிஷம், ஓசை என்று சொல்லிவிட்டு வெறும் மௌனம். பயமுறுத்தப்பட்டவர்களுக்கு ஓசையிலும் உபத்திரவம் வந்தது, மௌனத்திலும் வந்தது!

தாய்மார்களே, இதைக் கொஞ்சம் யோசியுங்கள். புளியமரத்தடியில் பேய் என்று பிறந்தது முதல் சொல்லி வளர்த்த பெண்ணுக்கு அங்கே நெஞ்சடைப்பதில் என்ன அதிசயம்? அவளுக்கு ரத்தசோகையோ மனக்கவலையோ என்று பார்க்க டாக்டரிடம் கொண்டுபோகாமல் உடுக்கையடித்து, மயிரைப் பிடித்து, வேப்பங்குழையால் அடிக்கிறார்கள். அந்தப் பேய் எப்போதாவது பூசாரியைப் பிடித்ததுண்டா?

பெரியவருக்குச் சொல்கிறேன்: அடுத்த ராக்கெட் கிளம்பும்போது நெருப்பைக் கண்ட வினாடியிலிருந்து ஓசை வரும்வரை எண்ணுங்கள். எண்ணியதை 340ஆல் பெருக்கினால் அது இங்கிருந்து எத்தனை மீட்டர் என்பது ஏறக்குறைய வந்துவிடும். அந்தக் கணக்கைக் காற்றுதான் உங்களுக்குக் கொண்டுவருகிறது.