செம்மண் மேட்டில் ஒரு மோட்டார் சைக்கிள்

முட்டத்துப் பாறைகளையும் அங்கு நிற்கும் கலங்கரை விளக்கத்தையும் நேயர்களில் பலர் திரைப்படங்களிலாவது கண்டிருக்கக்கூடும். ஆனால் கடலுக்குப் பின்னே கிடக்கும் செம்மண் தேரியைக் கண்டவர்கள் சிலரே. மழைநீர் அறுத்த ஓடைகளும், காற்றுக் குவித்த மேடுகளும், காலை வைத்தால் கணுக்கால்வரை புதையும் செம்பொடியுமாக விரிந்த நிலம் அது. அதன் ஓரத்தில் எங்கள் உறவினர் ஒருவருக்குரிய தென்னந்தோப்பு இருக்கிறது. அங்கே என் தமக்கை மகனுக்கும் எனக்கும் ஒரு மோட்டார் சைக்கிளால் நேர்ந்ததை இன்று சொல்ல விரும்புகிறேன்.

நான் முப்பது ஆண்டுகள் மீன்பிடி வள்ளங்களின் அவுட்போர்டு எஞ்சின்களைப் பழுதுபார்த்தவன். இரு வீச்சு எஞ்சின், அதாவது பட்டறைகளில் டூ ஸ்ட்ரோக் என்று சொல்லப்படும் எஞ்சின், எனக்கு வீட்டுப் பூனையைப்போலப் பழகியது என்ற இறுமாப்பு எனக்கு உண்டு. ஆகவே மருமகன் ஒரு பழைய யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, "மாமா, மண்ணுல ஓடுகத மாதிரி இதை மாத்தித் தாருங்க. ஆனா பவர் மட்டும் கொறையப்பிடாது" என்று கேட்டபோது மறுக்கவில்லை.

1985-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளுக்கு வந்து, 1996 வரை உற்பத்தியான வண்டி அது. 98 கன சென்டிமீட்டர் கொள்ளளவு, 11 குதிரைத்திறன், நூறு கிலோவை ஒட்டிய எடை. இன்று வெளிநாடுகளில் காட்டுப்பாதைகளில் ஓட்டப்படும் 250 கன சென்டிமீட்டர் இரு வீச்சு வண்டிகள், ஏறத்தாழ அதே எடைக்கு நாற்பது குதிரைத்திறனுக்கும் மேல் தருகின்றன. ஆயினும் மணல் கேட்கும் கேள்வி இரண்டுக்கும் ஒன்றுதான்.

முதல் வேலையாக நான் செய்தது காற்று வடிகட்டிப் பெட்டியைக் கழற்றி எறிந்தது. கடலில் தூசி இல்லை. எங்கள் அவுட்போர்டு எஞ்சின்கள் வடிகட்டி இல்லாமலே மூச்சு விடுகின்றன. அந்தப் பழக்கத்தில், பெட்டி எஞ்சினின் தொண்டையை நெரிக்கும் வீண் சுமை என்று எண்ணிவிட்டேன். கார்புரேட்டரின் பிரதான ஜெட்டை மாற்றவும் இல்லை. வண்டி துள்ளி ஓடியது. பையன் குதூகலித்தான். எனக்கும் பெருமைதான்.

மூன்றாம் நாள் மாலை. தோப்பின் நீண்ட மணலேற்றத்தில் அவன் முழு வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தான். எஞ்சினின் ஒலி திடீரென்று மெலிந்து கணீரென்று மாறியது. அந்த ஒலியை நான் அறிவேன். கூவி நிறுத்துவதற்குள் எஞ்சின் நின்றது; பின்சக்கரம் பூட்டிக்கொண்டது; பையன் தென்னங்குற்றியின்மேல் போய் விழுந்தான். காறை எலும்பு முறிந்தது.

தமக்கை என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வண்டிச் சாவியை எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

சிலிண்டரைத் திறந்தபோது குற்றம் தெளிவாயிற்று. காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்த கலவை அளவுகடந்த வெப்பத்தை உண்டாக்க, பிஸ்டன் விரிந்து சுவரில் இறுகியிருந்தது. புகைத்துவாரப் பக்கம் அலுமினியம் உருகி இழுத்த கோடுகள். கடல் எஞ்சினைக் கடல்நீரே குளிர்விக்கும். தரை வண்டிக்கு வீசும் காற்றுத்தான் உண்டு. மணலேற்றத்தில் வண்டி ஊர்ந்து போகும்போது அந்தக் காற்றும் இல்லை. எண்ணெயைச் சற்றுக் கூடுதலாகக் கலந்தால் எல்லாம் சரியாகும் என்பது எங்கள் கரையில் பழைய நம்பிக்கை. அதுவும் இங்கே உதவாது. எண்ணெய் கூடினால் அதே அளவு கலவையில் பெட்ரோல் குறைகிறது; கலவை மேலும் வறண்டுபோகிறது.

சிலிண்டரைக் கடைந்து, அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட்டேன். பையனின் தோள் கூடும்வரை எனக்கு யோசிக்க நேரம் இருந்தது.

இரு வீச்சு எஞ்சினின் குணத்தை இங்கே சொல்ல வேண்டும். சிலிண்டருக்குள் புகும் புதிய கலவையில் ஒரு பகுதி, திறந்திருக்கும் புகைத்துவாரத்தின் வழியே தப்பியோடப் பார்க்கிறது. புகைக்குழாயின் பருத்த வயிற்றில் மோதி மீளும் அழுத்த அலை அதைத் திருப்பி உள்ளே தள்ளுகிறது. இந்தக் கலையைக் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் செம்மைப்படுத்தியவர் வால்டர் காடென். அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-இல் மேற்குக்குத் தப்பிச் சென்று சுசுகியில் சேர்ந்து, மறு ஆண்டே 50 கன சென்டிமீட்டர் பிரிவில் உலகப் பட்டம் வென்றது ஒரு துப்பறியும் கதைக்கு ஒப்பானது. அதை இன்னொரு நாள் பேசலாம். நமக்கு வேண்டியது இதுதான்: அந்த அலை ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில் மட்டுமே சரியான கணத்தில் திரும்பி வருகிறது. அதுவரை மந்தமாக இருக்கும் எஞ்சின், அந்த எல்லையைத் தொட்டதும் பாய்கிறது. தார்ச்சாலையில் அந்தப் பாய்ச்சல் இன்பம். மணலிலோ சக்கரம் குழி தோண்டிக்கொண்டு அங்கேயே அமர்ந்துவிடும்.

ஆகவே இம்முறை பவரைக் கூட்டவில்லை. அது மெல்ல வருவதற்கு வழி செய்தேன். பந்தயப் புகைக்குழாய் வேண்டுமென்ற பையனின் ஆசையை ஒதுக்கிவிட்டுப் பழைய குழாயையே வைத்தேன். முன் பல்சக்கரத்தில் ஒரு பல்லைக் குறைத்தேன். இது பின் பல்சக்கரத்தில் ஏறத்தாழ மூன்று பற்களைக் கூட்டுவதற்குச் சமம். உச்ச வேகம் குறைந்தது. ஊர்ந்து ஏறும் வலிமை கூடியது. பெரிய வண்டி வைத்திருப்போர் இதே நோக்கத்துக்காக ஃப்ளைவீலில் எடை சேர்ப்பதுண்டு. எஞ்சின் சட்டென்று அணையாது. சட்டென்று பாயவும் செய்யாது.

கார்புரேட்டரைப் பொறுமையாகத் திருத்தினேன். த்ராட்டில் சிறிதே திறந்திருக்கையில் பைலட் ஜெட், நடுப்பகுதியில் ஊசி, முழுத் திறப்பில் பிரதான ஜெட் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆட்சிக்காலம் உண்டு. பாதையில் பெரும்பொழுது ஊசியின் ஆட்சிதான். பந்தயக்காரர்கள் பிரதான ஜெட்டையே பேசிக்கொண்டிருப்பது ஏனென்று எனக்கு விளங்கவில்லை. காற்றுப் பெட்டி தன் இடத்துக்குத் திரும்பியது. எண்ணெய் தடவிய நுரை வடிகட்டி உள்ளே அமர்ந்தது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் அதைக் கழுவினால், வாளித் தண்ணீர் செம்மண் நிறமாவதைக் காணலாம்.

டயருக்குக் கட்டைப் பற்கள். காற்று 15 பவுண்டு. அதிலும் குறைத்தால் டயர் ரிம்மில் வழுக்கி, டியூபின் வால்வைப் பிய்த்துவிடும். பின் ஷாக் அப்சார்பர்களின் ஸ்பிரிங்கைத் தளர்த்தி, பையன் அமர்ந்ததும் முழு அசைவில் மூன்றில் ஒரு பங்கு அமிழுமாறு செய்தேன்.

சட்டத்தையும் மறக்கலாகாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், பதிவுபெற்ற வண்டியின் அமைப்பை விருப்பம்போல் மாற்றுவதை அனுமதிப்பதில்லை. ஆகவே இவ்வண்டி தோப்பு வேலியைத் தாண்டியதில்லை.

ஆறு மாதம் கழித்துத் தமக்கை முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். தோப்பு வாசலிலேயே நின்றாள். கிளட்ச்மேல் எப்போதும் இரண்டு விரல் இருக்கட்டும் என்றும், இறக்கத்தில் த்ராட்டிலை மூடியபடியே நெடுந்தூரம் வராதே, அப்போது எஞ்சினுக்கு எண்ணெய் கிடைப்பது அரிது, இடையிடையே கிளட்ச்சைப் பிடித்துச் சற்று முறுக்கிவிடு என்றும் பையனுக்குச் சொல்லி அனுப்பினேன். வண்டி ஆரவாரமின்றி அதே மேட்டில் ஏறி, மறுபுறம் இறங்கி வந்தது. இறக்கத்தில் அவன் இருமுறை முறுக்கிய ஒலி தெளிவாகக் கேட்டது.

"சத்தமே போடாம ஏறுகே மாமா" என்றான். குரலில் சிறிது ஏமாற்றம் இருந்தது.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தமக்கையிடம் காட்டினேன். வறுத்த முந்திரிப்பருப்பின் நிறம்.

"இதுல என்னத்தப் பாக்கணும்?" என்றாள்.

"நெறத்தைப் பாருக்கா. வெளுத்திருந்தா சூடு கூடிப்போச்சுன்னு அர்த்தம்."

சூடு ஆறிய பிளக்கை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பு என் கையில் கொடுத்துவிட்டு, மகனிடமிருந்து சாவியை வாங்கி, மறுபடியும் முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டை நோக்கி நடந்தாள்.