மலையிறங்கும் சைக்கிள்

(மோகனூரில் வாலிபர்களும் பெற்றோரும் கூடியிருந்த ஒரு மாலைக் கூட்டத்தில், எலும்பு முறிவுப் பிரிவில் பணிபுரியும் ஊழியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். நம் ஆதரவாளர்கள் வீடுகளிலும் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள் இருப்பதால் இங்கே தருகிறோம்.)



என்னை இங்கே அழைத்தவர்கள், "பையன்கள் விடியற்காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கொல்லிமலைக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் வந்து நன்றாகப் பயமுறுத்திவிட்டுப் போங்கள்" என்று கேட்டார்கள். பயமுறுத்த எனக்கு வராது, ஆனால் தெரிந்ததைச் சொல்லுகிறேன் என்று ஒப்புக்கொண்டு வந்தேன். எனவே பெற்றோருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம்.

மோகனூர் சமவெளி. காவிரி ஓடுகிற ஊர். கரும்பும் வாழையும் கோரையும் விளைகிற மண். இந்த ஊரில் சைக்கிள் தானாக ஓடவேண்டுமானால் வாங்கல் பாலத்தின் இறக்கத்தை விட்டால் வேறு இடம் ஏது? கரும்பு வண்டிக்குப் பின்னால் மிதித்து மிதித்தே வளர்ந்த பையன், நாமக்கல், சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி அடிவாரத்துக்குப் போய், எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் மூச்சு வாங்க ஏறி, சோளக்காட்டில் ஒரு டீ குடித்துவிட்டு, திரும்பி நின்று கீழே பார்க்கிறான். ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் பள்ளம். இனி ஒரு மிதிகூட மிதிக்க வேண்டாம். அந்த நேரத்தில் அவன் மனசில் பொங்குகிற சந்தோஷத்தைப் பாவம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. நானும் இறங்கியிருக்கிறேன். காதில் காற்று இரைகிறது, கண்ணில் நீர் வருகிறது, பரீட்சையும் கடனும் வீட்டுச் சண்டையும் ஒரு அரைமணி நேரம் ஞாபகத்துக்கே வருவதில்லை. அடுத்த வளைவு ஒன்றுதான் உலகம்.

இது நம் பையன்கள் கண்டுபிடித்த ஆசையல்ல. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் டமால்பைஸ் என்று ஒரு மலை இருக்கிறது. அதன் அருகே ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊரில் சில வாலிபர்கள் 1970களில் பழைய கனத்த சைக்கிள்களைத் தேடிப்பிடித்து, தடித்த டயர் போட்டு, மண்பாதையில் மலையிலிருந்து இறங்க ஆரம்பித்தார்கள். 1976 அக்டோபரில் அதை ஒரு பந்தயமாகவே வைத்தார்கள். பாதையின் நீளம் சுமார் 3.4 கிலோமீட்டர்; இறக்கம் சுமார் 400 மீட்டர். அந்தப் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பேர் வந்த கதையை அவசியம் கேட்கவேண்டும். அந்தச் சைக்கிள்களில் மிதியைப் பின்னால் அழுத்தினால் பின்சக்கரத்தின் ஹப்புக்குள் பிரேக் பிடிக்கும். ஒரே இறக்கத்தில் ஹப் சூடேறி உள்ளே இருக்கிற கிரீஸ் புகைந்து போய்விடும். கீழே வந்ததும் ஹப்பைப் பிரித்துப் புது கிரீஸ் அடைத்தால்தான் மறுபடி ஓட்டமுடியும். கிரீஸை மீண்டும் அடைப்பதுதான் ரீபேக். அங்கே ஓட்டிய கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ் போன்றவர்கள் பிற்பாடு மலைச் சைக்கிள் செய்கிற தொழிலையே தொடங்கினார்கள். 1990-ல் கொலராடோவின் டுராங்கோ நகரில் நடந்த முதல் உலகப் போட்டியில் மலையிறக்கம் தனிப் பிரிவாக இருந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் சேர்க்கப்பட்டது, ஆனால் ஏற்றமும் இறக்கமும் கலந்த பந்தயம்தான். இறக்கப் பந்தயம் இன்றுவரை ஒலிம்பிக்கில் இல்லை.

கிரீஸ் ஏன் புகைந்தது? இதைப் புரிந்துகொண்டால் மலையில் பாதி ஆபத்து புரிந்துவிடும். சைக்கிளும் ஆளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் மீட்டர் இறங்கும்போது வெளிப்படுகிற சக்தி, சாதாரண தண்ணீர் இரண்டரை லிட்டரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். மீதியெல்லாம் சூடாக மாறி பிரேக் கட்டையிலும் ரிம்மிலும்தான் இறங்கவேண்டும். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் தொடமுடியாதபடி காய்ந்து, உள்ளே டியூப் வெடிக்கலாம். வளைவில் முன் டியூப் வெடித்தால் ஓட்டுகிறவன் கையில் ஒன்றுமில்லை. பந்தயச் சைக்கிள்களில் டிஸ்க் பிரேக் வைத்திருப்பதற்கு ஒரு காரணம் இதுதான். சூடு டயரை விட்டுத் தள்ளி, தனி இரும்புத் தட்டில் போகிறது. அந்த வண்டிகளில் குலுக்கலை வாங்க 20 சென்டிமீட்டர் வரை அமுங்குகிற ஸ்பிரிங் இருக்கும். அதில் ஓட்டுகிறவர் முகம் மூடிய ஹெல்மெட்டும் முழங்கால், முதுகுக் கவசமும் போட்டிருப்பார். நீங்கள் போனில் படம் பார்த்துவிட்டு, பால் கேன் கட்டுகிற சைக்கிளில் அப்படியே இறங்கப் பார்க்கிறீர்கள். கம்பி பிரேக் வைத்த அந்தச் சைக்கிள் நல்ல வண்டிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ரிம் நனைந்துவிட்டால் அந்தக் கட்டை பிடிக்காது. மலையில் மேகம் இறங்கினால் மழையில்லாமலே ரிம் நனைந்துவிடும்.

அடுத்தது வேகம். 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்து ஒரு சுவரில் மோதினால், ஐந்தடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 40 கிலோமீட்டர் என்றால் பத்தடி என்று நினைப்பீர்கள். இல்லை, இருபது அடி. வேகம் இரட்டித்தால் அடி நாலு மடங்கு. பிரேக் பிடித்து நிற்கிற தூரமும் அப்படியே நாலு மடங்கு. அது போதாதென்று, கண் பார்த்து மூளை சொல்லி விரல் மடங்குவதற்குள்ளேயே 40 கிலோமீட்டர் வேகத்தில் பத்துப் பன்னிரண்டு மீட்டர் போய்விடுகிறது. வளைவுக்கு அப்பால் ஏறிவருகிற பஸ் பாதி ரோட்டுக்கு மேல் எடுத்துத்தான் திரும்பும். மலைச்சாலையில் ஏறிவருகிற வண்டிக்குத்தான் வழி விடவேண்டும், சட்டமும் அதுதான். குரங்குக் கூட்டத்துக்கு அந்தச் சட்டமும் கிடையாது.

ஆகவே பிரேக்கை வளைவுக்கு முன்னால் நேர்ப்பாதையிலேயே பிடித்து வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் பிடித்தால் சக்கரம் வழுக்கும். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். முன் பிரேக்குக்குத்தான் பலம் அதிகம், ஆனால் அதை மட்டும் வெடுக்கென்று பிடித்தால் ஹேண்டில்பாருக்கு மேலாகப் பறப்பீர்கள். எந்தக் கைப்பிடி எந்தச் சக்கரத்துக்கு என்று ஏறும்போதே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள், வாங்கிய வண்டியில் மாறியிருக்கலாம். இடுப்பைப் பின்னால் தள்ளுங்கள். வளைவின் வெளிப்பக்கத்து மிதி கீழே இருக்கட்டும். பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து வாருங்கள். விட்ட நேரத்தில் ரிம் ஆறும். பாதி வழியில் இரண்டு முறையாவது நின்று ரிம்மை ஆறவிடுங்கள், உங்கள் கையையும்தான். ஏனென்றால் ஐம்பது வளைவுக்குப் பிறகு முன்கை மரத்துப்போகும், விரல் சரியாக மடங்காது. அதோடு இன்னொரு ஏமாற்றும் உண்டு: அதிக வேகத்தில் வெகுநேரம் வந்தவனுக்கு 40 கூட 20 மாதிரித் தோன்றும். கடைசி வளைவுகளில், வீடு தெரிகிற தைரியத்தில், இந்த இரண்டும் ஒன்றாகச் சேர்கின்றன. தார்ச்சாலையை விட்டுக் காட்டு ஒற்றையடிப் பாதையில் இறங்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் வனத்துறையிடம் அனுமதி கேளுங்கள். அங்கே விழுந்தால் தேடி வருவதற்கே யாருக்கும் வழி தெரியாது.

விழுந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தோலுரிந்திருக்கும். கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு முறியும், தோளில் விழுந்தால் காறை எலும்பு முறியும். இவை ஆறு எட்டு வாரத்தில் கூடும். மாவுக்கட்டில் கூட்டாளிகள் கையெழுத்துப் போடுவார்கள். நான் பயப்படுகிறது வேறு மூன்றுக்கு. ஒன்று, ஹேண்டில்பாரின் முனை வயிற்றில் குத்துவது. வெளியே ஒரு வட்டத் தழும்புதான் இருக்கும். உள்ளே மண்ணீரலோ கணையமோ கிழிந்திருக்கலாம். மறுநாள்தான் வலி தெரியும். சின்னப் பிள்ளைகளுக்கு இது அதிகம். இரண்டு, தலை. விழுந்தவன் எழுந்து, பேசி, சிரித்துவிட்டு, சில மணி நேரம் கழித்து வாந்தி எடுப்பான், தூக்கம் வருகிறது என்பான். தூங்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள், அது மண்டைக்குள் கசிகிற ரத்தமாக இருக்கலாம். ஹெல்மெட் போட்டால் தலைக்காயம் 63 முதல் 88 சதவீதம் வரை குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வார் தளர்ந்திருந்தால் அது தொப்பிதான். ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட்டின் உள்நுரை நசுங்கியிருக்கும், அதை மறுபடி போடாதீர்கள்.

மூன்றாவது முதுகு. இதைப் பற்றிக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு தம்பியைக் கொண்டுவந்தார்கள். வயது பத்தொன்பது. எந்த மலை என்று சொல்லவேண்டாம். வளைவில் சரளைக்கல்லில் வழுக்கித் தடுப்புக்கல்லில் முதுகு மோதியது. கூட்டாளிகள் பாசமுள்ள பையன்கள். தூக்கி உட்கார வைத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவே உட்கார வைத்து மலையிறக்கிக் கொண்டுவந்தார்கள். "விழுந்தவுடனே காலை ஆட்டினான் சார்" என்று ஒருவன் திரும்பத் திரும்பச் சொன்னான். எங்களிடம் வந்தபோது கால் ஆடவில்லை. தண்டுவடம் விழுந்தபோதே அறுந்ததா, வளைத்து உட்கார வைத்தபோது முறிந்த எலும்பு போய் நசுக்கியதா, யாராலும் சொல்லமுடியாது. அந்தப் பையன்களுக்கு நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவர்களுக்கு யாரும் அதற்கு முன்னால் சொல்லிக்கொடுக்கவில்லை, அதனால்தான் உங்களுக்குச் சொல்லுகிறேன்.

விழுந்தவனைத் தூக்காதீர்கள். முதலில் ஒருவன் மேல் வளைவுக்கும் ஒருவன் கீழ் வளைவுக்கும் ஓடி வண்டிகளை நிறுத்தட்டும். மூச்சு இருக்கிறதா, ரத்தம் பீறிடுகிறதா பாருங்கள். பீறிட்டால் துணியை மடித்து அழுத்திப் பிடியுங்கள். ஒருவன் தலைமாட்டில் மண்டியிட்டுத் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். ஹெல்மெட்டை நீங்கள் கழற்றவேண்டாம். கால் விரலை ஆட்டச் சொல்லுங்கள், பாதத்தைத் தொட்டால் தெரிகிறதா கேளுங்கள். தண்ணீர், சோடா எதுவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். மலையில் எல்லா வளைவிலும் போன் சிக்னல் இருக்காது, எனவே ஒருவன் சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு ஓடவேண்டும். இதனால்தான் தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேராகவும் போகாதீர்கள், குறைந்தது நான்கு பேர் என்கிறேன். வாந்தி எடுத்தால் தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒரே மரக்கட்டை மாதிரி சேர்ந்து திரும்பும்படி எல்லோரும் ஒன்றாகப் புரட்டுங்கள். ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரம் ஆனாலும் அந்த ஒரு மணி நேரம் அவன் தரையில் கிடப்பதே நல்லது.

அந்தத் தம்பி இப்போது சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு தொழில் செய்கிறான். அவனுக்கு நாங்கள் முதலில் கற்றுக்கொடுத்தது, கைகளை ஊன்றி அடிக்கடி உடம்பைத் தூக்கிக்கொள்வது. உங்களுக்கும் எனக்கும் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் வலிக்கிறது, நகருகிறோம். அவனுக்கு வலிக்காது. வலிக்காததால் புண் வரும். வலி ஒரு காவல் என்பதை உலகத்துக்கு அழுத்திச் சொன்ன டாக்டர் பால் பிராண்ட், 1914-ல் இதே கொல்லிமலையில் பிறந்தவர். வேலூரில் குஷ்டரோகிகளுக்குக் கை அறுவை செய்தபோது, அவர்கள் விரல்கள் தேய்வதற்குப் பெரும்பாலும் உணர்ச்சி போனதே காரணம் என்று கண்டார். அதே வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் வாகன விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்தார். 1966-ல் அங்கே தொடங்கிய மறுவாழ்வு நிலையத்துக்குத் தலைமை வகித்தார். விபத்தோடு ஒருவருடைய வேலை முடிந்துபோகும் என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்லுகிறேன்.

பெற்றோருக்கு ஒன்று. பால் பிராண்டின் தாயார் எவலின் அம்மாள் ஓய்வுபெறும் வயது தாண்டியபின் கொல்லிமலைக்குத் திரும்பி, மலைக்குதிரையில் ஊர் ஊராகப் போனார். குதிரையிலிருந்து விழுந்திருக்கிறார், மறுபடி ஏறியிருக்கிறார். 1974-ல் 95 வயதில்தான் மரித்தார். அந்த அம்மாளையே யாராலும் மலையை விட்டு இறக்க முடியவில்லை. பதினெட்டு வயதுப் பையனை நீங்கள் கயிறு போட்டா கட்டப்போகிறீர்கள்? தடுத்தால் சொல்லாமல் போவான், சொல்லாமல் போனவன் விழுந்த இடம் யாருக்குத் தெரியும்? எங்கே போகிறான், யாரோடு போகிறான், எத்தனை மணிக்கு அடிவாரம் வருவான் என்று கேட்டு வாங்கிக்கொண்டு, பண்டிகைக்குச் சட்டை எடுக்கிற பணத்தில் ஒரு ஹெல்மெட் வாங்கிக் கொடுங்கள்.

இனி உங்கள் கேள்விகள். அதற்குமுன், வெளியே வேப்பமரத்தடியில் சைக்கிள்களைப் பார்த்தேன். வண்டிக்காரர்கள் ஒவ்வொருவராக இந்தத் திண்ணைக்குக் கொண்டுவாருங்கள். நான் வரும்போது சாவித்திருப்பும் ஒரு டஜன் பிரேக் கட்டையும் கொண்டுவந்திருக்கிறேன். தேய்ந்ததை மாற்றிவிட்டுப் பேசலாம்.