கோண்டூர் நாட்டு வாக்குரிமை
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மார்க் ட்வைன் என்னும் அமெரிக்க எழுத்தாளரை நம் பிள்ளைகள் 'டாம் சாயர்' கதையின் வாயிலாக அறிவர். 1896ஆம் ஆண்டு சனவரியில், நாம் வாழும் இந்நகரின் துறைமுகத்தில் வந்திறங்கியவர் அவர். 1875இல் தம் பெயரை மறைத்து ஓர் அமெரிக்க ஏட்டில் அவர் எழுதிய சிறு புனைவைப் பற்றியே இன்று பேச விழைகின்றோம்.

கோண்டூர் என்பது அவர் கற்பனையில் கண்ட நாடு. அனைவர்க்கும் சமமான வாக்கு அங்கே பயன் தரவில்லையாம். அதனால் எவருடைய வாக்கையும் பறியாமலே ஒரு சூழ்ச்சி செய்தனர். கல்லாத ஏழைக்கு ஒரு வாக்கு. நல்ல பொதுப்பள்ளிக் கல்வி உடையவனுக்கு இரண்டு. உயர்நிலைக் கல்விக்கு நான்கு. பல்கலைக்கழகத்தில் பயின்றவனுக்கு, கையில் காசில்லாவிடினும், ஒன்பது! செல்வத்துக்கும் கூடுதல் வாக்கு உண்டு. ஆனால் பொருள் போனால் அவ்வாக்கும் போகும். ஆகவே அது சாகும் வாக்கு. கல்வியால் வந்ததோ சாவா வாக்கு. ஒரு வாக்கினன் மூன்று வாக்கினனைக் கண்டால் வணங்குவான். தானும் மூன்று பெற முயல்வான். பள்ளியும் கல்லூரியும் இலவசம், ஆனால் கட்டாயமில்லை. கட்டாயப்படுத்தும் வேலையைப் பெற்றோரே பார்த்துக்கொள்வர் என்கின்றார் ட்வைன்.

செல்வத்தினும் கல்வியை மேலே வைத்தது நமக்கு இனிக்கத்தான் செய்கின்றது. படிப்பை நம்பி ஊரை விட்டு வந்தவர்கள் அல்லமோ நாம்! ஆயினும் ஓர் ஐயம். நான்கு நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதைக் குடத்துடன் வரிசையில் நிற்பவள் அறிவாளா, ஒன்பது வாக்கு உடையவர் அறிவாரா?

நம் நாடு வேறு வழியை மேற்கொண்டது. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேரே. அப்படியிருந்தும் 1951-52ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் ஏறத்தாழ 17 கோடிப் பேர் வாக்காளராயினர். எழுத்தறியாதவர்க்காக ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி வைத்தனர்.

கோண்டூரின் சாயல் ஒன்று மட்டும் எஞ்சியுள்ளது. மகாராட்டிரச் சட்ட மேலவையின் 78 இடங்களில் 7 பட்டதாரிகள் தேர்ந்தெடுப்பவை. பட்டம் பெற்று மூன்றாண்டு நிறைந்து இம்மாநிலத்தில் வாழ்வோர் பெயரைப் பதிந்துகொள்ளலாம். தமிழகத்தின் மேலவை 1986இல் நீக்கப்பட்டதால், அங்கே நம் உடன்பிறந்தார்க்கு இவ்வாக்கு இல்லை. இங்கே நமக்கு உண்டு. ஆனால் ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாக விண்ணப்பம் தரவேண்டும்; இந்த அவையில் எத்தனை பேர் தந்தோம்? நாமும் தந்ததில்லை என்பதை ஒப்புக்கொள்கின்றோம்.

சட்டமன்றத் தேர்தல் நாள் ஒன்றில், நம் இல்லத்தில் பாத்திரம் துலக்கும் நெல்லைச் சீமை அம்மையார் இரண்டு மணி நேரம் தாமதித்து வந்தார். விடுமுறை நாளாயிற்றே என்று நாம் அப்போதுதான் எழுந்து செய்தித்தாளை விரித்து, நாட்டின் நிலையைப் பற்றி வருந்திக்கொண்டிருந்தோம். தாமதத்துக்குக் காரணம் வினவினோம். அவர் விரல் மையைக் காட்டி, "வரிசை பெரிசு ஐயா. நீங்க இன்னும் போகலையா?" என்றார்.

செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் சட்டையைத் தேடினோம்.